முன் சீட்டு நிபந்தனை

பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் பஸ் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட நிமிஷத்தில் காலர்காரி கையிலிருந்த காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பதினோரு வருஷ வேலையில் அப்படி ஒரு தப்பு அவள் செய்ததே இல்லை. பிரித்துத் தைக்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பக்கத்து மெஷின் பட்டன்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள்.

"அதுக்கும் மேல," என்றாள் இவள்.

காலர்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தச் சட்டைக் கம்பெனியில் பட்டன் வைப்பவள் பட்டன்காரி, பை தைப்பவள் பைக்காரி. பதினோரு வருஷமாகக் காலர் மட்டுமே தைப்பவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? வீட்டுக்காரருக்குக் கப்பலில் சமையல் வேலை. எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அதனால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை எழுப்புவது, குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் இவள் ஒருத்தி தலையில்.

விடுவது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அந்தக் கொடுமையைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். வீடு பாலத்து முனையில். கம்பெனி அங்கிருந்து இருபது நிமிஷ நடை. பள்ளிக்கூடமோ கம்பெனியையும் தாண்டி இன்னும் இருபத்தைந்து நிமிஷம். தினமும் காலையில் தன் கம்பெனி வாசலைத் தாண்டி மகளை இழுத்துக்கொண்டு ஓடி, ஏழரைக்குக் கேட் திறந்ததும் உள்ளே தள்ளி, வந்த வழியே திரும்பி ஓடி வர வேண்டும். எட்டு மணிக்கு வருகை அட்டையை நேரம் பதிக்கும் மெஷினில் தட்டியாக வேண்டும். எட்டு ஒன்று என்றால் லேட்டு. மாதத்துக்கு மூன்று லேட்டு வரை சூப்பர்வைசர் முறைப்பார். நாலாவது என்றால் முறைக்க மாட்டார், வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போன மாதம் பைக்காரி அப்படித்தான் போனாள். இந்த மாதம் பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலர்காரிக்கு அதற்குள் இரண்டு லேட்டு.

பாலத்து முனைக்கே பஸ் வந்தால்? ஏழு பத்துக்கு மகளை ஏற்றிவிட்டு, மகாராணி மாதிரி நடந்தே வேலைக்குப் போகலாம். பஸ் வந்தால் வேலை நிலைக்கும், வராவிட்டால் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

அவள் பெற்றோர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. ஏதோ தேர்தலில் நின்று ஜெயித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். வருஷத்தின் முதல் கூட்டத்துக்கு யார் கடைசியாக வருகிறார்களோ அவர்கள் தலையில் செயலாளர் பதவியைக் கட்டுவது அந்தச் சங்கத்தின் வழக்கம். இவள் எதற்குத்தான் நேரத்துக்குப் போயிருக்கிறாள்?

கூட்டம் ஒன்றாம் வகுப்பு அறையில் நடக்கும். எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருப்பார்கள். அன்று தலைவரான மருந்துக்கடைக்காரர் பஸ் கொடுப்பவரின் கடிதத்தை மருந்துச் சீட்டு மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். கடிதம் லாரி ஷெட் முதலாளியுடையது. வண்டி அவருடையது, டீசல் அவருடையது, டிரைவர் சம்பளமும் அவரே கொடுப்பார். நிபந்தனை ஒன்றே ஒன்று. முதல் வரிசை ஜன்னல் சீட்டு, மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவர் பேத்திக்கு மட்டும். அவள் வராத நாளிலும் அந்தச் சீட்டில் வேறு பிள்ளை உட்காரக் கூடாது, காலியாகவே இருக்க வேண்டும்.

"ஒரு சீட்டுதானே," என்றார் மருந்துக்கடைக்காரர். "போனா போகட்டும். கையெழுத்துப் போட்டுடலாமா?"

"முதல் பக்கம் என்ன சொல்லுதுன்னு பாருங்க," என்றது ஒரு குரல். தபால் ஆபீஸ் அம்மா. பதினெட்டு வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தப்பாக ஒட்டின ஸ்டாம்பை எல்லாம் திருப்பி அனுப்பிப் பழகியவர்.

சங்கத்தின் தீர்மான நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு விதி உண்டு. அதற்கு ஒரு கதையும் உண்டு. எப்போதோ ஒரு புண்ணியவான் தண்ணீர்த் தொட்டி கொடுத்தார். தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குடித்து முடித்து, கொடுத்தவர் வீடு இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் என்று நிபந்தனை. பெரியவர்கள் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்ல மறந்துபோனார்கள். ஒரு வருஷம் கழித்து அவர் ஆசையாக வந்து பார்த்தால், வாயைக் கழுவிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பெரிய ரகளையாகிவிட்டது. அன்று எழுதின விதி இது: நிபந்தனையோடு கொடுப்பவர், அதை யார் கடைப்பிடிக்க வேண்டுமோ அவர்கள் எதிரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் கேள்வி கேட்கலாம்.

அந்த விதி வந்த பிறகு பாதி நிபந்தனைகள் தானாக உதிர்ந்தன. மின்விசிறி கொடுக்க வந்தவர் ஒருவர் அசெம்பிளி மேடை ஏறி, கீழே நின்ற முந்நூறு முகத்தையும் பார்த்துவிட்டு, "நல்லாப் படிங்க" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போயிருக்கிறார்.

"தானமா வர்ற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கணுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மாடு வரட்டும், நான் வேணாங்கல. அதுக்குத் தினமும் புல்லு போடப்போறது பிள்ளைங்கதானே. அவங்க காதுல போடாம எப்படி?" என்றார் தபால் ஆபீஸ் அம்மா.

காலர்காரியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது: இந்த ஒரு தடவை விட்டுடலாமே. அதைச் சொல்லியிருந்தால் நாலு பேர் ஆமாம் போட்டிருப்பார்கள். ஆனால் செயலாளராக நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முதல் பக்கத்துக்கே எதிராகப் பேச நாக்கு எழவில்லை. ஷெட்டுக்குப் போய் விதியைச் சொல்லிவிட்டு வரும் வேலையும் அவளுக்கே வந்தது. செயலாளர் என்றால் பின்னே?

லாரி ஷெட் அவள் கம்பெனிச் சந்துக்கு முன்னால், மெயின் ரோட்டில் இருந்தது. முதலாளிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கனமான கண்ணாடி, கனமான குரல். பஸ்ஸுக்குப் புதுசாக மஞ்சள் பெயின்ட் அடித்து, இரண்டு பேரை விட்டுத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் விதியைச் சொன்னாள். முதல் பாதியைத்தான் சொன்னாள்.

"பிள்ளைங்க முன்னாடி சொல்லணும், அவ்வளவுதானே?" என்றார் அவர். "சொல்றேன். நூறு லாரி டிரைவருங்களை மேய்ச்சவன் நான். பிள்ளைங்களுக்கா பயப்படப்போறேன்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. சும்மா ஒரு முறைக்கு," என்றாள். கேள்வி கேட்பார்கள் என்ற இரண்டாம் பாதியை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். எங்கே இந்த மனிதர் முகம் சுளித்துவிடுவாரோ, பஸ் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த விழுங்கின வார்த்தை நெஞ்சிலேயே நின்றது.

புதன்கிழமை அசெம்பிளி. செயலாளர் கூடவே நிற்க வேண்டும் என்பதால் அன்று லேட்டாகும் என்று தெரிந்தேதான் நின்றாள். மூன்றாவது லேட்டு. பஸ் வருகிறது, இனிமேல் லேட்டே கிடையாது என்ற தைரியம். கேட்டுக்கு வெளியே பஸ் மஞ்சளாகப் பளபளத்தது. முதலாளி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினார். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவளுக்கு ஓடிப்போய் இழுத்துவிடக் கை துறுதுறுத்தது.

"பசங்களா, அந்த வண்டி இனிமே உங்க வண்டி," என்று அவர் ஆரம்பித்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. பிறகு நிபந்தனையைச் சொன்னார். கூச்சல் அடங்கியது.

கோபம் வந்து அடங்கினால் சமாளிக்கலாம். பிள்ளைகளுக்குக் கோபமே வரவில்லை. எல்லாரும் திரும்பி மூன்றாம் வகுப்பு வரிசையில் நின்ற அந்தப் பேத்தியைப் பார்த்தார்கள். பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பெரிய டீச்சர் வழக்கப்படி, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். முதலாளி திடுக்கிட்டுக் காலர்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

முன் பல் இல்லாத ஒரு பெண் கை தூக்கினாள். "ஐயா, முன் சீட்டுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? ரோடு நல்லாத் தெரியும்மா."

"ரோடு எங்களுக்கு முன்னாடியே தெரியுமே."

அடுத்தது ஐந்தாம் வகுப்புப் பெரிய மனுஷி ஒருத்தி. "ஐயா, கடைசி சீட்டுலதான் தூக்கித் தூக்கிப் போடும். அதான் நல்ல சீட்டு. முன் சீட்டுல டிரைவர் மாமா பக்கத்துல பேசாம உக்காரணும்."

"கிளாஸ்ல சேட்டை பண்றவங்களைத்தான் முன் பெஞ்சுல வெப்பாங்க," என்றது இன்னொரு குரல். கடைசியாக, காலர்காரியின் சொந்த மகளே கை தூக்கினாள். "அந்த அக்கா என்ன தப்பு பண்ணினாங்க? எத்தனை நாளைக்கு?"

இதுதான் நடந்த கூத்து. முன் சீட்டு என்றால் மரியாதை என்று ஒரு கடிதம் எழுதி, ஒரு கூட்டம் கூடி, ஒரு தீர்மானமும் போட்ட பெரியவர்கள் யாருக்கும், பஸ்ஸில் எது நல்ல சீட்டு என்று பஸ்ஸில் போகப்போகிறவர்களைக் கேட்கத் தோன்றவில்லை.

பேத்தி அழ ஆரம்பித்தாள். "தாத்தா, நான் ஒண்ணுமே பண்ணல தாத்தா. எனக்கு மட்டும் ஏன்?"

முதலாளி மேடையிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறினார். மஞ்சள் பஸ் ஷெட்டுக்கே திரும்பிப் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது என்று சொல்வார்களே, அதை முந்நூறு பிள்ளைகளோடு சேர்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள் காலர்காரி.

எட்டு இருபதுக்குக் கம்பெனியில் நுழைந்தாள். சூப்பர்வைசர் மூன்று விரலைக் காட்டினார். நாலாவது விரலை மடக்கி வைத்து, அதையும் அவளுக்குக் காட்டினார். அன்று முழுக்கக் காலர் காலராகத் தைத்தாள், ஒரு காலரும் கண்ணில் படவில்லை. கரையில் இல்லாத வீட்டுக்காரரிடம் என்னவென்று சொல்வது, வேலை போனால் வாடகைக்கு எங்கே போவது, எல்லாவற்றுக்கும் மேலே, தான் விழுங்கின அந்தப் பாதி விதி. அந்த மனிதரை ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் பிள்ளைகளிடம் கொண்டுபோய் நிறுத்தினது அவள்தானே.

சாயங்காலம் வேலை விட்டதும் நேரே ஷெட்டுக்குப் போனாள். பஸ் உள்ளே நின்றது. முதலாளி பஸ்ஸுக்குள், அந்த முன் ஜன்னல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கேள்வி கேப்பாங்கன்னு நீ சொல்லலையேம்மா," என்றார்.

"சொல்லலீங்க ஐயா. வேணும்னேதான் சொல்லல." படிக்கட்டில் நின்றபடியே கொட்டிவிட்டாள். "சொன்னா நீங்க வர மாட்டீங்களோன்னு பயம். இந்த வண்டி வரலேன்னா எனக்கு வேலை போயிடும். அதான் மறைச்சேன். உங்களை அவமானப்படுத்தணும்னு இல்லீங்க. ஆனா அப்படித்தான் ஆயிடுச்சு. என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவமானம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளையை ஒண்ணரை வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் கிட்டத்துல பாத்தேன். பாத்த உடனே அழ வெச்சுட்டு வந்துட்டேன்."

அவள் படியேறி வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்கும் எனக்கும் பேச்சு இல்ல," என்றார். "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். தடிச்ச வார்த்தை. தப்பு என்னோடதுதான். அந்த வீட்டுப் படி ஏற எனக்கு முகம் இல்ல. இந்த வண்டி தினமும் இந்த ஷெட்டைத் தாண்டித்தானே போகணும்? முன் ஜன்னல்ல அவ உக்காந்தா முகம் தெரியும். அதுக்குத்தான் முன் சீட்டு கேட்டேன். கௌரவத்துக்கு இல்ல."

"அப்ப, அவ வராத நாள்ல காலியா இருக்கணும்னு எழுதினீங்களே?"

"எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதும்மா. வேற பிள்ளை உக்காந்திருந்தா அவதான்னு நெனச்சுக் கை ஆட்டிடுவேன். காலியா இருந்தா, சரி, இன்னைக்கு வரல, காய்ச்சலோ என்னவோன்னு தெரிஞ்சுக்கலாம்ல."

கூட்டத்தில் அந்த வரியைப் படித்தபோது எல்லாருமே, எவ்வளவு திமிர் பாரு இந்த ஆளுக்கு, என்று நினைத்தார்கள். காலர்காரியும் நினைத்தாள். இப்போது தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அழுது வடிய அவளுக்கு நேரம் கிடையாது, பழக்கமும் கிடையாது. பதினோரு வருஷமாக அளந்து பார்த்துத்தான் எதையும் நம்பியிருக்கிறாள். எழுந்து பஸ்ஸின் முன் சீட்டைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். நடந்து கடைசி வரிசைக்குப் போய், பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"ஐயா, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. வண்டியை ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அளந்து பாத்துடலாம். நீங்க கேட்ல நில்லுங்க. என் மூஞ்சி எத்தனை நேரம் தெரியுதுன்னு எண்ணுங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. முதலில் அவள் முன் ஜன்னலில் உட்கார்ந்தாள். பஸ் ஒரு சுற்றுப் போய் வந்து ஷெட்டைத் தாண்டியது. முதலாளி கேட்டில் நின்று உரக்க எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு." அவ்வளவுதான். பஸ் தாண்டிவிட்டது, அப்புறம் வண்டியின் முதுகுதான் அவருக்கு மிச்சம்.

அடுத்த சுற்றில் அவள் கடைசி சீட்டில் ஏறி முட்டி போட்டு, பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பஸ் ஷெட்டைத் தாண்டியது. அவர் தெரிந்தார். தெரிந்துகொண்டே இருந்தார். அங்கிருந்து தண்ணீர் டேங்க் வளைவு வரை ரோடு அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்தான். முப்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை, போகிறவர் வருகிறவர் பார்க்க, பள்ளிக்கூடப் பஸ்ஸில் முட்டி போட்டுக் கை ஆட்டினாள். நடுவில் வேகத்தடை வந்தது. மெக்கானிக் குறைக்கவில்லை. கடைசி சீட்டு அவளை அப்படியே மேலே தூக்கி, ஒரு நிமிஷம் அந்தரத்தில் வைத்து, பொத்தென்று போட்டது. அவளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டது. அட, இதுக்குத்தானா, என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது முதலாளி கேட்டிலிருந்து நடு ரோட்டுக்கே வந்திருந்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார். "முப்பத்தொண்ணு வரைக்கும் தெரிஞ்சுதும்மா. கை ஆட்டினது கூடத் தெரிஞ்சுது." பிறகு முகம் விழுந்தது. "ஆனா பிள்ளைங்க முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு, இப்ப இன்னொண்ணு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சரியா உக்காராத காலரைப் பிரிச்சுத்தான் ஐயா தைப்போம். அதுல என்ன வெக்கம்? இப்பவே சொல்லிடறேன், திரும்பவும் கேள்வி கேப்பாங்க. நிறைய கேப்பாங்க." சொல்லிவிட்டு, கை தானாக நீண்டு அவர் சட்டையின் தூக்கிக்கொண்டிருந்த காலரை இழுத்துச் சரி செய்தது. காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடி அசெம்பிளிக்குப் போனார். காலர்காரி போகவில்லை. மூன்று லேட்டை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியுமா? வியாழனும் வெள்ளியும் மகளை இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷ மிச்சத்தில் தலை தப்பியது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தபால் ஆபீஸ் அம்மா போன் செய்தார். விதி, ஸ்டாம்பு, முத்திரை தவிர எதற்கும் குரல் உயர்த்தாத அந்த அம்மாவுக்கு அன்று மூச்சு வாங்கியது.

"மனுஷன் நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு. 'எனக்கு என் பேத்தியைப் பாக்கணும், வீட்டுக்குப் போய்ப் பாக்கறதுக்கு வழி இல்ல, அது பெரியவங்க பண்ணின தப்பு'ன்னாரு. 'முன் சீட்டு வேணாம். கடைசி வரிசைல எல்லாரும் முறை போட்டு உக்காருங்க. என் ஷெட்டைத் தாண்டறப்ப கடைசி வரிசைல இருக்கறவங்க எனக்குக் கை ஆட்டணும். இதான் நிபந்தனை'ன்னாரு."

"கேள்வி கேட்டாங்களா?"

"விடுவாங்களா? எந்தக் கைன்னாங்க. ரெண்டு கையும் ஆட்டலாமான்னாங்க. ஒருத்தி காலை ஆட்டலாமான்னா. இவரு 'அது உன் சௌகரியம்'னாரு. அப்புறம் உன் பொண்ணு கை தூக்கினா."

"ஐயோ," என்றாள் காலர்காரி.

"முழுசாக் கேளு. 'அந்த அக்காவுக்கு முறை இல்லாத நாள்ல தாத்தா எப்படிப் பாப்பாரு?'ன்னா. உடனே பிள்ளைங்களே பேசி முடிச்சிடுச்சுங்க. அந்தப் பிள்ளைக்கு முறையே கிடையாது, தினமும் கடைசி வரிசை நடு இடம், அவளுக்கு ரெண்டு பக்கமும்தான் முறை. கொடுக்கறவர் ஒரு நிபந்தனை போட்டாரு, வாங்கறவங்க ஒண்ணு போட்டாங்க. நோட்டுல ரெண்டையும் எழுதிட்டேன். பேத்தி ஓடிப்போய்த் தாத்தா காலைக் கட்டிக்கிச்சு. மருந்துக்கடைக்காரர் தூசி விழுந்துச்சுன்னு கண்ணைக் கசக்கிட்டு நிக்கறாரு."

"நீங்க?"

"எனக்கும் தூசிதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே பாலத்து முனையில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். காலர்காரியும் மகளும் முதல் ஆளாக நின்றார்கள், இதை நம்புங்கள். கொஞ்சம் தள்ளி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா நின்றாள். முதலாளியின் மகள். அதே தடித்த புருவம், அதே இறுக்கின வாய். பஸ் யார் கொடுத்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஏதாவது சொல்லிவிடுவாளோ, பிள்ளையை ஏற்றாமல் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று காலர்காரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு தூரம் வந்த பிறகு இவள் ஒருத்தி மாட்டேன் என்றால் அந்தக் கிழவர் தாங்க மாட்டாரே.

பஸ் வந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். பேத்தியும் ஏறிக் கடைசி வரிசைக்கு ஓடினாள். கதவு மூடிற்று. வண்டி கிளம்பும் நேரத்தில் அந்த அம்மா வேகமாகப் பின்பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"நல்லா ஆட்டு," என்றாள் மகளிடம். "நல்லா உசத்தி ஆட்டு. தாத்தாவுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது."

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் விடுவிடென்று நடந்துவிட்டாள்.

பஸ் ஐந்து இடத்தில் நின்று நின்று போக வேண்டும். காலர்காரி குறுக்குச் சந்தில் விழுந்து நடந்தாள். நடை என்று சொன்னேன், கால் பழக்கத்தில் ஓடத்தான் ஓடியது. ஷெட் வாசலுக்கு வந்தபோது முதலாளி கேட்டுக்கு வெளியே, சவரம் செய்து, கண்ணாடியைத் துடைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் மெக்கானிக், இரண்டு டிரைவர்கள், டீ கொண்டுவந்தவர் என்று ஒரு கூட்டமே நின்றது.

மஞ்சள் பஸ் வந்தது. தாண்டியது. பின் கண்ணாடி முழுக்க முகம். ஐந்து பேர் உட்காரும் சீட்டில் ஒன்பது பேர் இருந்திருப்பார்கள். நடுவில் பேத்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். காலர்காரியின் மகள் ஓரத்தில் நசுங்கிக்கொண்டு ஆட்டினாள். ஒரு மூலையில் உண்மையாகவே ஒரு கால் தெரிந்தது. "தாத்தா" என்று ஒன்பது பேரும் கத்தின கத்தல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. வேகத்தடையில் ஒன்பது தலையும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தன. முதலாளி கையைத் தூக்கினார், தூக்கினபடியே நின்றார். வண்டி டேங்க் வளைவில் திரும்பும் வரை அந்தக் கை இறங்கவில்லை.

"ஐயா," என்றாள் காலர்காரி. "உங்க பொண்ணு ஸ்டாப்புக்கு வந்திருந்தாங்க. வண்டி கிளம்பறப்ப ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, நல்லா உசத்தி ஆட்டு, தாத்தாவுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுன்னு சொல்லி அனுப்பினாங்க."

மெக்கானிக் மற்றவர்களைச் சைகை காட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

"அவளா சொன்னா?"

"அவங்கதான்."

"பாலத்து முனைக்கு வண்டி எத்தனை மணிக்கு வருது?"

"ஏழு பத்துக்குங்க. ஆனா பிள்ளைங்களைக் கூட்டிட்டு எல்லாரும் ஏழு மணிக்கே வந்துடறாங்க."

"ஏழு மணிக்கு," என்றார். "நாளைக்கு அங்க வந்து நின்னா ஏதாவது சொல்லுவாளா?"

"சொன்னா வாங்கிக்குங்க ஐயா. திட்டினாலும் பேச்சுதானே."

அவர் சிரித்தார். கனமான குரலில் கனமான சிரிப்பு, ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பெனிச் சந்தில் திரும்பினாள்.

அட்டையைத் தட்டினாள். மெஷின் ஏழு நாற்பத்தாறு என்று அச்சடித்துக் கொடுத்தது. ஹாலில் ஒரு மெஷினும் ஓடவில்லை, ஒரு ஆளும் வரவில்லை. சூப்பர்வைசர் மட்டும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு வந்தவர், அவளைப் பார்த்து நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, பதினோரு வருஷத்தில் இல்லாத மெதுவான குரலில் கேட்டார்.

"என்னம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள் காலர்காரி. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாகக் குடித்தாள்.